பிரம்புக் கடையில் ஒரு நாய்

தமிழில் நாய்க்கு இரண்டு இடங்கள் உண்டு. கோபம் தலைக்கேறினால் நம் வாயில் முதலில் வந்து விழும் சொல் அதுதான். அதே நாயை நம் இலக்கியம் உயர்ந்த இடத்திலும் வைத்திருக்கிறது. யானையைப் போன்றவர்களின் நட்பை விட்டு நாயைப் போன்றவர்களின் நட்பைக் கொள்ளுங்கள் என்கிறது நாலடியார். பல நாள் பழகிய பாகனையே யானை கொன்றுவிடும். எறிந்த வேல் உடம்பில் தைத்திருக்கும்போதும் நாய் வாலை ஆட்டும் என்று அதற்குக் காரணமும் சொல்கிறது. மாணிக்கவாசகர் இறைவன் முன்னால் தம்மை நாயாகத் தாழ்த்திக்கொண்டு உருகுகிறார். வைரவருக்கு வாகனமே நாய்தான். ஆனால், அந்த வைரவர் கோயிலுக்குள் ஒரு தெருநாய் காலை வைத்துவிட்டால் நாம் சும்மா இருப்போமா?

ஓர் இனத்துக்குள்ளேயே நாயைப் பற்றி இத்தனை மனங்கள் இருக்கும்போது, பல இனத்தவர் வந்து போகும் ஒரு கடையில் நாய் இருந்தால் என்ன ஆகும்? இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தது ஒரு பிரம்புக் கடை.

சென்ற ஆண்டு பல்கலைக்கழக விடுமுறையில் மூன்று மாதம் ஜார்ஜ்டவுனில் ஒரு பிரம்புக் கடையில் வேலை செய்தேன். சூலியா தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது அந்தக் கடை. பட்டர்வொர்த்தில் எங்கள் வீடு. காலை ஃபெரியில் கடலைத் தாண்டிவிட்டால் அங்கிருந்து நடந்தே போய்விடலாம். வருகிறவர்களோடு பேசுவது, விலை சொல்வது, கணக்கு எழுதுவது என் வேலை. பின்னுவது தவுக்கேயின் வேலை. அறுபதைத் தாண்டிய சீனர் அவர். நான் அவரை ‘அங்கிள்’ என்பேன். அவர் என்னை ‘ஆ மோய்’ என்பார்.

தமிழ்ப்பள்ளியில் படித்த நமக்குப் பிரம்பு என்றால் ஒரே பொருள்தான். ஆசிரியர் மேசை மீது படுத்திருக்கும். நாம் வாய்பாடு மறந்தால் எழுந்துகொள்ளும். ‘ரோத்தான்’ என்று சொன்னாலே உள்ளங்கை கூசும். அந்தப் பிரம்புக்கு இவ்வளவு பெரிய உலகம் இருப்பதைக் கடையில்தான் கண்டேன். ரோத்தான் மானாவ் என்னும் தடித்த வகை நாற்காலியின் சட்டத்துக்கு உரியது. ரோத்தான் செகா என்னும் மெல்லிய வகையைக் கீறி எடுத்த பட்டைகள் பின்னலுக்கு உரியவை. தடித்த கம்பை நெருப்பில் வாட்டி வளைக்க வேண்டும். பட்டையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பின்ன வேண்டும்; காயும்போது அது தானாக இறுகிக்கொள்ளும். ஒரு நாற்காலியின் இருக்கையை எண்கோணக் கண்களாகக் கையால் பின்னி முடிக்க அங்கிளுக்கு ஏறக்குறைய இரண்டு நாள் பிடிக்கும்.

ஜார்ஜ்டவுனில் இப்படிப்பட்ட கடைகள் குறைந்துவிட்டன. பழைய கட்டடங்களுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாடு 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தோடு முடிந்தது. கைத்தொழில் செய்தவர்கள் பலர் அதன்பின் வாடகை கட்ட முடியாமல் வெளியேறினார்கள். 2008-இல் யுனெஸ்கோ இந்நகரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 2012-இல் ஆர்மீனியன் தெருவில் சைக்கிளில் இரு குழந்தைகள் செல்லும் சுவரோவியம் வந்தது. சுற்றுப்பயணிகளும் கூட்டமாக வந்தார்கள். ஆனால், படம் எடுக்க வருகிறவர்கள் எல்லாரும் நாற்காலி வாங்க வருகிறவர்கள் அல்லர். ஆகவே, அங்கிளுக்கு வாசலில் வந்து நிற்கும் ஒவ்வொரு வாடிக்கையாளரும் முக்கியம். இதை மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்ததைப் படியுங்கள்.

அந்தக் கடையில் ஒரு நாய் இருந்தது.

அதன் பெயர் கோப்பி. பால் சேர்க்காத கோப்பியின் நிறம். 2015-இல் பினாங்கு, கெடா, பெர்லிஸ் ஆகிய மாநிலங்களில் வெறிநாய் நோய் பரவியது. அவ்வாண்டு செப்டம்பரில் பினாங்கில் தெருநாய்களைப் பிடித்துக் கொல்ல உத்தரவு பிறந்தது. விலங்கு ஆர்வலர்கள் அதை எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். அந்த வாரத்தில்தான் பின்சந்தில் திரிந்த ஒரு கறுப்புக் குட்டியை அங்கிள் உள்ளே தூக்கி வந்து கதவைச் சாத்தினாராம். பிறகு தடுப்பூசி, மாநகர் மன்ற உரிமம், கழுத்தில் பட்டை எல்லாம் வந்தன. ‘நாயை வேறு எங்காவது விட்டுவிடக் கூடாதா?’ என்று அவரிடம் பலர் கேட்பதுண்டு. கோப்பிக்கு இப்போது பத்து வயது ஆகிறது. மகள் குடியிருக்கும் அடுக்குமாடியில் நாய் வளர்க்க அனுமதி இல்லை. கடையின் சிமெண்டுத் தரையைத் தவிர அதற்கு வேறு இடம் கிடையாது.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் அங்கிள் என்னிடம் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தார். “விற்றதை இந்தப் பக்கம் எழுது. வாசல்வரை வந்து நாயைப் பார்த்துத் திரும்பிப் போனவர்களை அந்தப் பக்கம் எழுது,” என்றார். அந்த ஒரு வாரத்தில் 11 பேர் திரும்பிப் போனார்கள். சனிக்கிழமை மாலை நோட்டைக் காட்டினேன். சிறிது நேரம் பார்த்துவிட்டு, “இவர்களில் எத்தனை பேரிடம் நீ பேசினாய்?” என்று கேட்டார். எத்தனை பேர் போனார்கள் என்பதைவிட அதுதான் அவருக்குத் தேவைப்பட்டது.

அன்றிலிருந்து வாடிக்கையாளர்களைக் கூர்ந்து கவனிக்கத் தொடங்கினேன்.

சிலர் நாய்க்காகவே உள்ளே வந்தார்கள். கோப்பியைத் தடவிக் கொடுத்து, அதனோடு படம் எடுத்துக்கொண்டு, ஒரு கூடையைத் தூக்கிப் பார்த்து, வைத்துவிட்டுப் போவார்கள். அவர்களால் கடைக்கு வருமானம் பெரிதாக இல்லை. கோப்பிக்கு மட்டும் நல்ல மாலை நேரம். அதிலும் சிலர் மறுநாள் திரும்பி வந்து, “நேற்று பார்த்த அந்தக் கூடை இருக்கிறதா?” என்று கேட்டதுண்டு. அப்படிப்பட்ட நாளில் அங்கிள் கோப்பிக்கு ஒரு முட்டை அவித்துப் போடுவார்.

நம்மவர்களும் வந்தார்கள். ஒரு தந்தை தன் மகனோடு வந்தார். பையன் நாயைக் கண்டதும் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு அழத் தொடங்கிவிட்டான். தந்தை, “சூ! போ!” என்று காலைத் தரையில் உதைத்தார். கோப்பி கொட்டாவி விட்டது. இன்னொரு நாள் ஒரு பாட்டி வந்தார். கோப்பியைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, “கறுப்பு நாய்மா, வைரவர் வாகனம். சாமி கணக்கா படுத்திருக்கு பாரு,” என்றார். கூட வந்த மருமகள், “அத்தை, கிட்டப் போகாதீங்க, கடிச்சு வைக்கப் போவுது,” என்று இழுத்தார். ஒரே குடும்பத்தில் ஒருவருக்குச் சாமி, இன்னொருவருக்குப் பயம்!

திரும்பிப் போனவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். இதில் வியப்பில்லை. ஆனால், அவர்கள் ஏன் திரும்பிப் போகிறார்கள் என்பதை நம்மில் எத்தனை பேர் சரியாக அறிந்திருக்கிறோம்? நான் ஆறு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் படித்தேன். அங்கே நாங்கள் அனைவரும் தமிழர்கள். பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி. அங்கே மலாய்த் தோழிகள் நிறைய. ஆனால், சமயப் பாட வேளை வந்தால் அவர்கள் ஓர் அறையில் இஸ்லாமியக் கல்வி படிப்பார்கள். நாங்கள் இன்னோர் அறையில் நன்னெறிக் கல்வி படிப்போம். ‘பிற சமயத்தை மதித்தல்’ என்று நாங்கள் மனனம் செய்துகொண்டிருந்த அதே நேரத்தில், அந்தப் பிற சமயம் பக்கத்து அறையில் நடந்துகொண்டிருந்தது! ‘அவர்களுக்கு நாய் ஆகாது’ என்ற ஒரு வரியோடுதான் பள்ளியை விட்டு வெளியே வந்தோம்.

பல்கலைக்கழக விடுதியில் என் அறைத்தோழி கெலந்தானைச் சேர்ந்த மலாய்ப் பெண். அவளிடம் தொலைபேசியில் கேட்டேன். பொறுமையாக விளக்கினாள். மலேசியாவில் பின்பற்றப்படும் ஷாபியி மரபின்படி நாயின் எச்சிலோ ஈரமோ பட்டால் அந்த இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும். அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். உடலும் நாயும் உலர்ந்திருந்து பட்டுவிட்டால் கழுவ வேண்டியதில்லை. மாலிக்கி மரபில் நாயைத் தூய்மையற்றதாகக் கருதுவதில்லை என்றும் சொன்னாள். “வெறுப்பு என்று நினைத்துக்கொள்ளாதே. தொழுகைக்குச் சுத்தமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். நாய் ஈரமா, உலர்ந்ததா என்று தெரியாத இடத்தில் தள்ளி நிற்பது சுலபம்,” என்றாள்.

2014 அக்டோபர் 19-ஆம் தேதி பெட்டாலிங் ஜெயாவில் ‘நான் நாயைத் தொட விரும்புகிறேன்’ என்ற பெயரில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. முஸ்லிம் இளைஞர் ஒருவர் ஏற்பாடு செய்தது. நாயைப் பற்றிய அச்சத்தைப் போக்குவதே அதன் நோக்கம். திரளான மக்கள் வந்தார்கள். அடுத்த சில நாள்களில் நாடு முழுவதும் அதைப் பற்றித்தான் பேச்சு. பாராட்டியவர்களும் உண்டு, ஏற்பாட்டாளரைக் கடுமையாகத் திட்டி மிரட்டியவர்களும் உண்டு. அப்போது நான் தொடக்கப்பள்ளி மாணவி. எங்கள் வீட்டில் தொலைக்காட்சி முன்னால் அமர்ந்து, ‘இதற்கு ஏன் இவ்வளவு சத்தம்?’ என்று பேசிக்கொண்டது நினைவிருக்கிறது. ஒரு நாட்டையே சத்தம் போட வைத்த அதே சிக்கலை, எங்கள் அங்கிள் ஒரு சந்துக் கடையில் சத்தமே இல்லாமல் நாள்தோறும் சமாளித்துக்கொண்டிருந்தார்.

எப்படி? ஐந்தடி நடைபாதையால்.

பினாங்கில் பழைய கடைவீடுகளின் முன்னால் கூரையோடு ஒரு நடைபாதை இருக்கும். ‘காக்கி லீமா’ என்போம். ராஃபிள்ஸ் 1822-இல் சிங்கப்பூருக்கு வகுத்த நகரத் திட்டத்தில் இது இடம்பெற்றது; பிறகு பினாங்கு, மலாக்கா என்று பரவியது. வெயிலிலும் மழையிலும் மக்கள் நடந்து போக அமைந்த வழி அது. நிலம் கடைக்காரருடையது, வழி எல்லாருக்கும் உரியது. எங்கள் கடையின் ஐந்தடி நடைபாதையில் ஒரு பிரம்பு பெஞ்சு கிடந்தது. கோப்பியின் கயிறு வாசலிலிருந்து ஆறு தரைக்கல் உள்ளேயே நின்றுவிடும். ஆகவே, அந்த பெஞ்சை அது தொட்டதே இல்லை. பட்டை ஊறவைக்கும் தொட்டி உயரமான மேடைமீது இருக்கும். நாய் அதில் வாய் வைக்க முடியாது. புதிய பொருள்கள் மாடியில். அந்தச் செங்குத்தான மரப்படியில் கோப்பி ஏறாது. வாசலில் ஒரு பலகை: ‘உள்ளே நாய் உண்டு. வெளியே அமருங்கள். வேண்டியதை நாங்கள் கொண்டுவந்து காட்டுகிறோம்.’ சீனம், மலாய், ஆங்கிலம் என மூன்று மொழிகளில் இருந்தது. நான் சேர்ந்த இரண்டாம் வாரம் தமிழிலும் ஒரு வரி எழுதி ஒட்டினேன்.

கூடையையும் நாற்காலியையும் சுமந்துகொண்டு மாடிக்கும் நடைபாதைக்கும் நடந்ததில் எனக்குக் கால் வலிதான். ஆனால், நோட்டின் அந்தப் பக்கத்தில் எண்கள் குறையத் தொடங்கின.

அந்த பெஞ்சில் அடிக்கடி வந்து உட்கார்ந்தவர் ஒரு தமிழ் முஸ்லிம் பெரியவர். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்குத் தொழ வருகிறவர். இந்திய முஸ்லிம்கள் 1801-இல் தொடங்கிய பள்ளிவாசல் அது. கடையிலிருந்து கூப்பிடு தூரம். பேரனிடம் ஒரு பழைய சாய்வு நாற்காலியைத் தூக்கச் சொல்லி வந்தார். இருக்கைப் பின்னல் முழுவதும் அறுந்து தொங்கியது.

“தங்கச்சி தமிழா? நாய் கட்டியிருக்கா?”

“கட்டியிருக்கு அங்கிள். நீங்க இங்கயே உட்காருங்க. நாற்காலிய நான் வாங்கிக்கிறேன்.”

“எங்க வாப்பா உட்கார்ந்த நாற்காலிமா. அதை மட்டும் மாடியில வச்சுக்கச் சொல்லு.”

வேலை முடியும்வரை மூன்று நாளைக்கு ஒரு முறை வந்து பார்த்தார். அங்கிள் வெளியே வந்து அவரோடு அமர்வார். பக்கத்துக் கடைத் தே தாரிக் வரும். இருவரும் மலாயில் பழைய பினாங்கைப் பற்றிப் பேசுவார்கள். எந்தக் கடை எந்த ஆண்டு மூடியது என்று வாதாடுவார்கள். ஒரு நாள் அவரிடம், “உங்களுக்கு நாய்னா பிடிக்காதா அங்கிள்?” என்று கேட்டேன். சிரித்தார். “பிடிக்காம என்ன? தொழுகைக்கு நேரமாச்சு. துணி மாத்த வீடு தூரம். அதுதான் சங்கதி,” என்றார். தாகத்தில் தவித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவரின் பாவத்தை இறைவன் மன்னித்தான் என்று நபிமொழி இருப்பதையும் அவர்தான் சொன்னார். அடுத்த முறை வந்தபோது ஒரு பொட்டலத்தை என்னிடம் நீட்டினார். நாசி கண்டார் கடையில் வாங்கிய இறைச்சித் துண்டுகள். “உள்ள இருக்கே, அதுக்குப் போடு,” என்றார். பத்தடி தள்ளி நின்றபடியே கோப்பி தின்பதைப் பார்த்துவிட்டுத் தொழுகைக்குப் போனார்.

எல்லாரும் இப்படி இருந்துவிடவில்லை. ஒரு நாள் ஓர் ஆடவர் நடைபாதையில் நின்று, உள்ளே இருப்பவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி பேசினார். நாய் வைத்திருக்கும் கடையில் எவன் பொருள் வாங்குவான் என்றார். நாய் வேண்டுமா, வியாபாரம் வேண்டுமா என்று முடிவு செய்துகொள் என்றார். அங்கிள் கையில் இருந்த பட்டையைக் கீழே வைக்காமலே, “எனக்கு இரண்டும் வேண்டும்,” என்றார். அவர் போய்விட்டார். மீண்டும் வரவில்லை.

இன்னொரு நாள் நடந்தது என்னை அதைவிட அதிகமாக உறுத்தியது. கோலாலம்பூரிலிருந்து வந்த ஓர் இளம்பெண் கோப்பியைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சிக்கொண்டிருந்தார். அந்த நேரம் முக்காடு அணிந்த இரண்டு மாணவிகள் வாசல்வரை வந்து, நாயைப் பார்த்துப் பின்வாங்கினார்கள். அந்தப் பெண் அவர்களைப் பார்த்து, “இது கடிக்காது. இந்தக் காலத்திலும் இப்படியா பயப்படுவீர்கள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவர் குரலில் ஏளனம் இருந்தது. இரண்டு மாணவிகளின் முகமும் சிவந்துவிட்டது. நான் மேசையில் இருந்த நான்கைந்து சிறு கூடைகளை எடுத்துக்கொண்டு வெளியே போய், பெஞ்சில் அவர்களோடு உட்கார்ந்து காட்டினேன். ஒன்றை வாங்கிக்கொண்டு, கடைக்குள் ஒரு பார்வைகூடப் பார்க்காமல் போனார்கள்.

நாயை வெறுத்துப் பேசியவரும், நாயை நேசித்துப் பேசியவரும் அந்த வாசலில் ஒரே காரியத்தைத்தான் செய்தார்கள். தம் மனத்தில் இருப்பதை அடுத்தவரும் கொண்டாக வேண்டும் என்றார்கள். அன்புகூட ரோத்தானாக மாறி ஒருவரை அடிக்கும் என்பதை அன்று கண்டேன்.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான செய்தி.

விடுமுறையின் கடைசி மாதம் ஒரு மாக்சிக் வந்தார். மகளின் திருமணத்துக்கு ஹந்தாரான் தட்டுகள் வேண்டும் என்றார். மலாய்த் திருமணங்களில் மணமகன் வீட்டாரும் மணமகள் வீட்டாரும் பரிசுகளைத் தட்டில் அலங்கரித்து மாற்றிக்கொள்வார்கள். நம் வரிசைத் தட்டைப் போலத்தான். எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்கும். அவர் ஒன்பது பிரம்புத் தட்டுகள் கேட்டார். ஒன்றில் வெற்றிலை, ஒன்றில் பலகாரம் என்று விரல் விட்டு எண்ணினார். ஒன்றில் திருக்குர்ஆனும் தொழுகை உடையும் வைக்கப்படும் என்றார். பிறகு தயக்கத்தோடு, “நாய் தொடாதே?” என்று கேட்டார். “தொடாது. மாடியில் பின்னுவேன்,” என்றார் அங்கிள்.

எட்டுத் தட்டுகள் முடிந்தன. ஒன்பதாவதன் விளிம்பைக் கட்டும்போது மழை இருட்டிவிட்டது. மாடியில் வெளிச்சம் போதவில்லை என்று அங்கிள் அதைக் கீழே எடுத்து வந்து வாசலருகே அமர்ந்தார். யாரோ ஒருவர் குடையோடு அவசரமாக உள்ளே நுழைந்தார். தட்டு அங்கிளின் மடியிலிருந்து நழுவி உருண்டது. கோப்பி எழுந்து வந்து அதை மோந்து பார்த்து, விளிம்பை ஒரு முறை நக்கிவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டது.

பார்த்தது நாங்கள் இருவர் மட்டும். மறுநாள் மதியம் மாக்சிக் வந்து எடுத்துப் போவதாகச் சொல்லியிருந்தார். தட்டில் ஈரம்கூடத் தெரியவில்லை. வெளியில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அங்கிள் சிறிது நேரம் அந்தத் தட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் எதுவும் பேசவில்லை. பிறகு அதை எடுத்து ஒரு மூலையில் வைத்தார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். மாடிக்குப் போய்ப் புதுப் பட்டைகளைத் தண்ணீரில் போட்டார். அன்று நான் பட்டைகளைத் தேர்ந்து அளவாக வெட்டிக் கொடுத்துவிட்டு இரவு ஃபெரியில்தான் வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலை வந்தபோது அவர் கண்கள் சிவந்திருந்தன. மேசையில் ஒன்பது தட்டுகள் இருந்தன.

மாக்சிக் வந்தார். பெஞ்சில் அமர்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். அப்போது அங்கிள் நடந்ததைச் சொன்னார். ஒரு தட்டை நாய் நக்கியது, அதை ஒதுக்கிவிட்டு வேறு பின்னினேன் என்றார். எனக்குத் திக்கென்றது. வாங்காமல் போய்விட்டால்? ஒன்பது தட்டின் உழைப்பும் வீணாகுமே! மாக்சிக் சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

“என்னிடம் சொல்லாமலே கொடுத்திருக்கலாமே. எனக்கு எப்படித் தெரியும்?” என்றார்.

“நீங்கள் கேட்டீர்கள். நான் தொடாது என்று சொன்னேன். நான் சொன்னது பொய்யாகக் கூடாது,” என்றார் அங்கிள்.

மாக்சிக் பணத்தை எண்ணிக் கொடுத்தார். வாழ்த்துகளோ பெரிய பேச்சுகளோ எதுவும் இல்லை. தட்டுகளை நாங்கள் காரில் ஏற்றினோம். அவர் போய்விட்டார். இரண்டு வாரம் கழித்து இன்னொரு மலாய்ப் பெண்மணி உடைந்த நாற்காலி ஒன்றோடு வந்தார். நடைபாதையில் நின்றபடி, “தட்டு செய்தவர் இங்கேதானே இருக்கிறார்?” என்று கேட்டார்.

ஒதுக்கி வைத்த அந்தத் தட்டு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அதை விற்றவள் நான்தான். நிச்சயதார்த்தத்துக்குத் தட்டு தேடி வந்த நம் குடும்பம் ஒன்று. நடந்ததை மறைக்காமல் சொன்னேன். கூட வந்த பாட்டி, “கழுவினா சரியாப் போச்சு. வாழைப்பழம்தானே வைக்கப் போறோம்,” என்றார். சொல்லிவிட்டு உடனே, “ஆனா நாய் நக்கினதுக்கு அஞ்சு வெள்ளி குறைச்சுக்கணும்,” என்றார். குறைத்தேன்!

நண்பர்களே, தேர்வில் ‘பல்லின மக்களிடையே ஒற்றுமை’ என்று கட்டுரை எழுதாதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. எல்லாரும் ஒரே மேசையில் உண்போம், ஒரே குடையின் கீழ் நிற்போம் என்று எழுதிப் புள்ளிகள் வாங்கியிருக்கிறோம். அந்தக் கடையில் எல்லாரும் ஒரே வாசல் வழியாக வரவில்லை. சிலர் உள்ளே வந்தார்கள். சிலர் பெஞ்சில் அமர்ந்தார்கள். சிலர் பத்தடி தள்ளி நின்றார்கள். ஆனால், நின்ற இடத்திலேயே அவர்களுக்கு மரியாதை கிடைத்தது. கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் கிடைத்தது. நாயும் தன் இடத்தை இழக்கவில்லை. இதற்கெல்லாம் தேவைப்பட்டவை ஓர் அளவான கயிறு, ஒரு பெஞ்சு, ஒரு பலகை, படியேறி இறங்கும் இரண்டு கால்கள், யாரும் பார்க்காத நேரத்திலும் மாறாத ஒரு சொல்.

நாமும் வளாகத்தில் பொங்கல் விழா, கலை இரவு என்று நடத்துகிறோம். பிற இன நண்பர்களை அழைக்கிறோம். வந்தவர்களைப் படம் எடுத்து அறிக்கையில் போடுகிறோம். வராதவர்களைப் பற்றி, ‘அவர்களுக்கு ஆர்வம் இல்லை’ என்று சொல்லி முடித்துவிடுகிறோம். உணவு எங்கே சமைத்தது, எந்தப் பாத்திரத்தில் பரிமாறுகிறோம், எந்த இடத்தில் காலணியைக் கழற்ற வேண்டும், பூசை நேரத்தில் அவர்கள் எங்கே நிற்கலாம் என்பதை அழைப்பிதழில் ஒரு வரி எழுதினால் என்ன? வாசல்வரை வந்து, எங்கே நிற்பது என்று தெரியாமல் திரும்பிப் போன ஒருவர் நம் விழாவிலும் இருந்திருக்கலாம் அல்லவா?

அடுத்த விழாவுக்கு வரவுப் பதிவேடு வைக்கும்போது, அங்கிளின் நோட்டைப் போல அதில் இன்னொரு பக்கத்தையும் ஒதுக்கி வையுங்கள். திரும்பிப் போனவர்களை அதில் எழுதுங்கள். பிறகு, அவர்களில் எத்தனை பேரிடம் நாம் பேசினோம் என்று கேட்டுப் பாருங்கள்.